பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத் தேவாலயங்களின் தங்க மொசைக் ஏன் அப்படி மினுங்குகிறது?

மொசைக் என்பது சின்னச் சின்னக் கண்ணாடி, கல் துண்டுகளை ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் பதித்து உருவாக்கும் படம் (நம் வீட்டு மொசைக் தரை வேறு, அதை மறந்துவிடுங்கள்). தங்கத் துண்டு என்றால், கண்ணாடிமேல் மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, அதற்கும் மேலே இன்னொரு கண்ணாடிப் படலம் போட்டிருப்பார்கள். தங்கம் உதிராது.

ஆனால் தங்கம் இருந்தால் மட்டும் இந்த மினுக்கம் வராது. பல இடங்களில் துண்டுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள். சாக்லேட் சுற்றியிருக்கும் ஜிகினாத் தாளை நீவி வைத்தால் ஒரு பக்கம்தான் பளிச்சிடும், கசக்கிப் பாருங்கள், எங்கெங்கோ மின்னும், அதே கதைதான். விளக்குச் சுடர் அசைய, நாம் நடக்க, சுவரே அசைவது போலத் தெரியும். இத்தாலியின் ராவென்னாவில் 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் இன்றும் இப்படித்தான் ஒளிர்கிறார்கள். எனக்கு தியோடோராவின் முத்துச் சரங்கள்தான் பிடிக்கும்.

அப்புறம், சுவர் முழுக்கக் கட்டித் தங்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, பெரும்பங்கு கண்ணாடிதான். தங்கம் தலைமுடியைவிட மெல்லிய படலம்.