பார்த்த இடத்தைச் சொல்வது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். 11ஆம் வகுப்பு மாணவர்களை உள்ளூர் வரலாறு பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னேன். உத்திரமேரூரைப் பற்றி எழுதிய மாணவி, 1000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் அனைவரும் ரகசியமாக வாக்களித்தார்கள் என்று எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் “கூகுள்” என்று மட்டும் குறிப்பிட்டிருந்தாள். திருத்தச் சொன்னேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஐந்து நூல்களின் பட்டியலைக் கொண்டுவந்தாள். அவற்றில் இரண்டு நூல்கள் எங்கு தேடியும் இல்லை. ஆதாரங்களைக் குறிக்க எந்த முறையைக் கற்பிப்பது? எந்த இணையதளங்களை நம்பலாம்? பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வளவு கறாராக இருக்கத்தான் வேண்டுமா?

ஒரு வரலாற்று ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மாணவர்களின் ஆதாரப் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்து, இரண்டு நூல்கள் இல்லை என்று கண்டுபிடித்தீர்களே, அதற்காக முதலில் உங்களை வணங்குகிறேன். அந்த வேலையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. சில வாரங்களாக நான் இதையே யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

ஆதாரங்களைக் குறிக்கச் சிகாகோ முறையா ஏ.பி.ஏ. முறையா என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதைக் கல்லூரியில் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் “பள்ளிப் பிள்ளைகள்தானே” என்ற உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பதினாறு வயதில் கேட்கப்படாத கேள்வி முப்பது வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் கேட்கப்படாமலே போகிறது. அந்தப் பெண் இல்லாத நூலைக் கொண்டுவந்தது அவள் குற்றம் அன்று. ஆதாரம் என்பது கட்டுரையின் கடைசியில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் என்று நாம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நிரப்பச் சொன்னோம், நிரப்பிவிட்டாள்.

முதுகலை படித்தபோது நானும் அப்படித்தான் நிரப்பினேன். ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருந்த கல்வெட்டுத் தொகுதியின் பெயரையும் பக்க எண்ணையும் நானே பார்த்ததுபோல எடுத்து எழுதினேன். என் பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டு, “இந்தத் தொகுதியை எந்த நூலகத்தில் பார்த்தாய்?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் என்னை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அந்தத் தொகுதியை எடுத்து, நான் குறித்த பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தார். அதில் இருந்தது வேறொரு ஊரின் கல்வெட்டு. நான் எடுத்தெழுதிய புத்தகத்தில் பக்க எண் தவறாக அச்சாகியிருந்தது. அந்தத் தவறை நான் என் பெயரில் இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோயிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, இன்ன நூலில் இன்னார் குறிப்பிட்டபடி என்று எழுத வைத்தார். உங்கள் மாணவர்களுக்கு ஒரே ஒரு விதியைத்தான் கற்பிக்க முடியும் என்றால் இதையே கற்பியுங்கள்: உன் கண் எதைப் பார்த்ததோ அதைக் குறிப்பிடு.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பழைய உரையாசிரியர்கள் பாடல் வரிகளை மேற்கோள் காட்டிவிட்டு, பல இடங்களில் “என்றார் பிறரும்” என்று மட்டும் சொல்லிப் போய்விடுவார்கள். அவர்கள் காலத்து மாணவனுக்கு அந்த நூல்கள் மனப்பாடம். பெயர் சொல்லத் தேவையில்லை. சில நூற்றாண்டுகளில் அந்த நூல்கள் வழக்கொழிந்து ஏடுகளில் முடங்கிய பிறகு, 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அந்தப் “பிறர்” யார் என்று ஒவ்வொரு வரிக்கும் தேடி அலைய வேண்டியிருந்தது. ஒரு பெயர் எழுதப்படாததற்காக, பின்னால் வந்த ஒருவர் கொடுத்த உழைப்பு அது. அடிக்குறிப்பு நம் படிப்பைக் காட்டிக்கொள்வதற்காக எழுதப்படுவதன்று. நாம் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நமக்குப் பின்னால் வருகிறவரும் போய்ச் சேர்வதற்கான வழி அது.

உத்திரமேரூருக்கு வருகிறேன். உங்கள் மாணவியின் வாக்கியத்தில் எத்தனை பிழைகள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அதாவது 919, 921ஆம் ஆண்டுகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. முதலாவது உறுப்பினரின் வயது 30க்கு மேல் 60க்குள் என்கிறது. இரண்டாவது 35க்கு மேல் 70க்குள் என்கிறது. இணையத்தில் ஒரு கட்டுரையில் ஒன்றையும் இன்னொரு கட்டுரையில் மற்றொன்றையும் படிக்கும் பிள்ளை, யாரோ ஒருவர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். மக்கள் அனைவரும் என்பதும் சரியன்று. அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். வரி செலுத்தும் கால்வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் கேட்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய உறவினர்களுக்கும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வாக்களிப்பே நடக்கவில்லை. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது பகுதிகளிலும், தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது குலுக்கல். குலுக்கலை வாக்கெடுப்பு என்று ஒருவர் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, கல்லில் இல்லாத ஒன்று இன்று மேடைகளில் முழங்கப்படுகிறது. அந்த முறையைத் தாழ்த்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அதன் உண்மையான அழகு நம் பெருமைப் பேச்சில் காணாமல் போகிறதே என்ற வருத்தத்தில் சொல்கிறேன்.

இணையதளங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் படிகள் கிடைக்கும். நூலைத் திறந்து பார்த்து, பதிப்பாண்டையும் பக்கத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவைத் தடுக்க வேண்டாம். அதன் அடிக்குறிப்பிலிருந்து மூலத்துக்குப் போகட்டும். போகாதவர்கள் விக்கிப்பீடியா என்றே எழுதட்டும், அது நேர்மை.

ஆனால் நீங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இணையதளம் கேட்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்தக் கல் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் கல்வெட்டு அறிஞர் வெங்கையா அவ்விரு கல்வெட்டுகளையும் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும் 1932இல் வெளியிட்ட நூலில் அவற்றை ஆராய்ந்திருக்கிறார். வெங்கையாவின் பாடத்தை நகலெடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறுங்கள். பழைய எழுத்தை அவர்களால் முழுவதும் படிக்க முடியாது. நகலை வைத்துக்கொண்டு ஒரு சொல்லைக் கல்லில் அடையாளம் கண்டாலே போதும். பாலன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன், அதாவது சபையின் நடுநிலை அலுவலர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று இரண்டாம் கல்வெட்டில் ஓர் இடம் வருகிறது. உங்கள் மாணவி அதைத் தேடிக் கண்டுபிடித்து, அடிக்குறிப்பில் தான் நேரில் பார்த்த தேதியையும், வெங்கையாவின் அறிக்கையில் தான் படித்த பக்கத்தையும் தனித்தனியாக எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.