ஆண்டுச் சோதனை முடிந்தது, டிரான்ஸ்பாண்டர் சோதனை?

கேள்வி: டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று வாங்கியிருக்கிறேன். போன மாதம் ஆண்டுச் சோதனை முடித்து மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். தரை ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்குத் தனிச் சோதனை உண்டு என்கிறார் நண்பர். வானம் தெளிவாக இருந்தால்தான் பறப்பேன். எனக்கும் அது வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆண்டுச் சோதனைக் கையெழுத்தில் இது அடங்காது. அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.-வின் விதி 91.413 சொல்வது இதுதான்: 24 காலண்டர் மாதத்துக்குள் சோதிக்காத டிரான்ஸ்பாண்டரை எந்தப் பறப்பிலும் பயன்படுத்தக் கூடாது. டல்லாஸ் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் அது இல்லாமல் பறக்கவும் முடியாது. ஆக, தேதி தாண்டினால் வீட்டுப் பக்கமே சிக்கல்.

சோதனை 2024 மார்ச் 3-இல் நடந்திருந்தால் 2026 மார்ச் 31 வரை செல்லும். உங்கள் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது. அதற்கான அனுமதி பெற்ற ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவி) பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

லாக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 91.413 மட்டும் இருக்கிறதா, கூடவே 91.411-உம் இருக்கிறதா? பின்னது உயரம் காட்டும் ஆல்டிமீட்டருக்கும், அதற்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாய்களுக்குமானது; கருவிகளைப் பார்த்தே பறக்கும் ஐ.எஃப்.ஆர். பறப்புக்குத்தான் கட்டாயம். ஆனாலும் சேர்த்தே செய்துவிடுங்கள் என்பேன். ஸ்டாட்டிக் துளையில் குழாயை மாட்டி, ஆல்டிமீட்டர் 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை காற்றை உறிஞ்சி, அப்படியே அடைத்துவிடுவார்கள். முள் ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. பழைய செஸ்னாவில் வெடித்த ரப்பர் குழாய் பிடிபடுவது இப்படித்தான். பின்னால் விற்கும்போதும் வாங்குபவர் இந்தப் பதிவைத் தேடக்கூடும்.

இன்னொன்று: நடுவில் ஆல்டிமீட்டரையோ, டிரான்ஸ்பாண்டருக்கு உயரத்தைச் சொல்லும் என்கோடரையோ கழற்றி மாட்டினால், 24 மாதக் கெடு முடியாவிட்டாலும் உயரத் தகவல் சரியாகப் போகிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இ.எல்.டி. அவசர டிரான்ஸ்மிட்டருக்கு 12 மாதக் கணக்கு. பெரும்பாலும் ஆண்டுச் சோதனையோடு முடித்திருப்பார்கள்; பதிவு இருக்கிறதா, பேட்டரி மாற்றும் தேதி கருவியின் வெளிப்பக்கம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. கருவி. 2020 ஜனவரி முதல் உங்கள் பகுதியில் அதுவும் கட்டாயம். ஒருமுறை பறந்துவிட்டு, எஃப்.ஏ.ஏ. தளத்தில் உங்கள் விமானப் பதிவெண்ணைக் கொடுத்தால் அந்தப் பறப்பின் அறிக்கை இலவசமாகவே மின்னஞ்சலில் வரும். அதில் சிவப்பில் பிழை காட்டியிருந்தால் அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.