டெக்சாஸில் மரக்காட்டை மான் வேட்டைக்குக் குத்தகைக்கு விட்டால் சொத்துவரிச் சலுகை போய்விடுமா?

போகாது, மரம் வளர்ப்பே நிலத்தின் முதன்மைப் பயன்பாடாக இருக்கும்வரை. நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிடாமல், மரம் தரக்கூடிய வருமானத்துக்கு மதிப்பிட்டு வரி போடுவதுதான் இந்தச் சலுகை. பைன் முற்றி அறுப்புக்கு வர 25 ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும். அதுவரை வருடாவருடம் மனை விலைக்கு வரி கட்டச் சொன்னால் காட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். தென்னந்தோப்பில் ஆடு மேயவிட்டுக் காசு வாங்கினாலும் அது தோப்புதானே, அப்படித்தான் இதுவும்.

வேட்டைக் காசு மட்டும் வருகிறது, மரத்தைக் கவனிக்க ஆளில்லை என்றால் சிக்கல். நடவு, இடைவெட்டு (நெருக்கமான மரங்களைக் கழிப்பது), விற்பனை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மூலையில் வீடு கட்டினால் அந்தப் பகுதிக்கு முந்தைய 3 ஆண்டுகளின் வித்தியாச வரியும் (சந்தை விலைப்படி வரவேண்டிய வரிக்கும் சலுகைப்படி கட்டியதற்கும் உள்ள வித்தியாசம்) வரக்கூடும்.

சலுகை நிலம் என்பதால் குத்தகைப் பணத்துக்கும் வரி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது வாடகை வருமானம், அமெரிக்க மத்திய அரசின் வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.