பாக்கெட் சீலிங் மெஷினில் 555 டைமரின் நேரம் பிசகுகிறது. துல்லியமான நேரத்தில் சிக்னல் தரும் சர்க்யூட்டை எப்படி அமைப்பது?

ஹீட்டர் அரை நொடி அழுத்தி, கால் நொடி ஆறவிட்டு, அப்புறம் கத்தி இறங்க வேண்டும், அதற்கு நேரம் வைக்கும் 555 சிப் மூன்றைக் கோத்திருக்கிறேன், காலையில் சரியாக ஓடுவது மதியம் மாறிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடலூர் செம்மண்டலத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கூடத்துக்கு இதே வேலையைச் செய்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

555-ஐக் குறை சொல்லாதீர்கள். அதன் நேரத்தைத் தீர்மானிப்பது ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். மே மாத மதியம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் நகரும். நேரத்தை அளந்து பார்க்காமல் எண்ணிப் பார்ப்பதுதான் வழி. எண்ணுவதற்குக் கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போதும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும்) கிரிஸ்டல் என்றால் ஒரு நாளைக்கே 1.7 நொடிதான் பிசகும்.

சிடி4060 என்பது கிரிஸ்டலை ஓட்டி, அதன் துடிப்பை ஒவ்வொரு நிலையிலும் பாதியாக்கும் சிப். அதில் அந்தக் கிரிஸ்டலை மாட்டி, பத்தாவது நிலையிலிருந்து எடுத்தால் நொடிக்கு 32 பல்ஸ் வரும். ஒரு பல்ஸுக்கு 31.25 மில்லிசெகண்ட். சரி, இப்போது கட்டம் போட்ட தாளை எடுங்கள். ஒரு பல்ஸுக்கு ஒரு கட்டம், உங்கள் சுற்று 2 நொடி என்று வைத்துக்கொண்டால் 64 கட்டம். சீல் 0 முதல் 15 வரை, ஆறுவது 16 முதல் 23 வரை, கத்தி 24 முதல் 27 வரை. இந்தப் படம் சரியாக வந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் தடுக்கியது இதற்கு அடுத்த படியில். பல்ஸை எண்ணும் சிடி4040 ரிப்பிள் கவுண்டரை வைத்து எண்ணி, 24 முதல் 27 வரை என்பதை லாஜிக் கேட்டுகளால் பிரித்தறிந்து, அதை நேராகக் கத்தியை இயக்கும் ஃபிளிப்ஃப்ளாப்புக்கு (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சர்க்யூட்) கிளாக்காக, அதாவது அதை மாறச் சொல்லும் பல்ஸாகக் கொடுத்தேன். சில சுற்றுகளில் கத்தி இரண்டாம் முறையும் இறங்கியது. பாதி நிறைந்த பாக்கெட் வெட்டுப்பட்டு, பருப்பு மேசையெங்கும் சிதறியது. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், எண்ணிக்கை 31-லிருந்து 32-க்கு மாறும் இடத்தில் ஊசி மாதிரி ஒரு கீற்று. ரிப்பிள் கவுண்டரில் பிட்டுகள் (எண்ணின் 0, 1 இலக்கங்கள்) ஒன்றை ஒன்று தள்ளித்தான் மாறும். 31-லிருந்து 30, 28, 24, 16, 0 என்று இறங்கி, அதன் பிறகே 32-க்கு வரும். அந்த நடுவழி 24 சுமார் நூறு நானோசெகண்ட்தான் நின்றது. ஃபிளிப்ஃப்ளாப்புக்குச் சில சமயம் அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாற்றம் செய்தேன். ரிப்பிள் கவுண்டருக்குப் பதில் எல்லா பிட்டும் ஒரே கிளாக்கில் மாறும் 74எச்சி163 கவுண்டர் சிப் இரண்டு. அது மட்டும் போதாது, பிட்டுகளுக்கு இடையே சில நானோசெகண்ட் வித்தியாசம் அதிலும் உண்டு. அதனால் கேட்டின் வெளியீட்டை ஒரு டி ஃபிளிப்ஃப்ளாப்பின் டி காலில் (உள்ளீடு) கொடுத்து, அதே கிளாக்கால் வெளியே விட்டேன். கேட் உள்ளே எப்படிக் குழம்பினாலும் அடுத்த பல்ஸ் வருவதற்குள் அடங்கிவிடும், அடங்கிய மதிப்பு மட்டும் வெளியே போகும். இரண்டில் முக்கியமானது இதுதான் என்பேன். எல்லா சிக்னலும் ஒரு கட்டம் தாமதமாகும், ஆனால் சேர்ந்தே தாமதமாவதால் இடைவெளி மாறாது.

சுற்று 64 இல்லாமல் 60 கட்டம் வேண்டுமென்றால் 59-ஐப் பிரித்தறிந்து 163-இன் கிளியருக்கு (எண்ணிக்கையை 0 ஆக்கும் கால்) கொடுங்கள். அதே குடும்பத்து 161 சிப் வேண்டாம், அது கிளாக்குக்குக் காத்திருக்காமல் உடனே அழித்துவிடும், கடைசிக் கட்டம் அரைகுறையாகிவிடும். ஸ்டார்ட் சுவிட்சையும் இரண்டு ஃபிளிப்ஃப்ளாப் வழியாகவே உள்ளே விடுங்கள். ஒவ்வொரு சிப்பின் சப்ளைக் காலுக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கட்டத்தாளில் படம் வரைந்ததும் போடுங்கள், எந்தெந்த பிட் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.