சாலட் நாற்றின் வேர் பழுப்பேறுவது ஏன்?

கேள்வி: ஐயா, பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் வீட்டின் பின்புறம் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லா நீர்வளர்ப்பு) முறையில் சாவிக் கீரையும் சாலட்டும் (லெட்டூஸ்) வளர்க்கிறேன். குழாய்நீரைப் பிடித்தவுடன் ஏ-பி உரம் (நீரில் கரைக்கும் இரு பகுதி உரம்) கலந்து, குளோரின் போகட்டும் என்று ஓரிரவு வைத்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். அப்படியும் பத்தாம் நாளில் சாலட் நாற்றின் வேர்நுனி பழுப்பேறி வளர்ச்சி நின்றுவிடுகிறது. நீரில் கரைந்த உப்புகளையும் நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஓரிரவு வைத்தது சரி. உரத்தைக் கலந்துவிட்டு வைத்ததில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

மலேசியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரினுக்கு இடம் தருகிறது. வெறும் நீரை வாயகன்ற வாளியில் திறந்து வைத்தால் ஒரு நாளில் அதில் பெரும்பகுதி பறந்துவிடும். உரம் கலந்த நீரில் அப்படி நடக்காது. ஏ உரத்திலுள்ள கால்சியம் நைட்ரேட்டில் பெரும்பாலும் சிறிது அம்மோனியம் இருக்கும். குளோரின் அதனோடு சேர்ந்து குளோராமின் என்ற சேர்மமாகிவிடுகிறது. அது எளிதில் வெளியேறாது. சாலட் வேரைப் பழுப்பாக்கும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். பத்து நாள் நாற்றுக்கு இருப்பதோ ஒரு முதல்வேரும் சில கிளைவேர்களும்தான்; அவற்றின் நுனி கெட்டால் அது எதைக்கொண்டு உறிஞ்சும்?

இன்றே ஒரு நாற்றைப் பஞ்சோடு தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். நுனி மட்டும் பழுப்பாகி மழுங்கி, மேலே வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் என் சந்தேகம் சரி. வேர் முழுதும் வழவழத்து, விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நூல்போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வரும் வேரழுகல். நம் வெயிலில் தொட்டிநீர் சூடேறி உயிர்வளி குறையும்போது வருவது. அதற்குத் தட்டைக் கழுவி, நிழலும் காற்று பம்பும் கொடுக்க வேண்டும்.

இனி நீரை 24 மணி நேரம் திறந்து வைத்து, அதன்பிறகே உரம் கலக்குங்கள். அவசரமென்றால் வைட்டமின் சி உதவும்: 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 2.5 மில்லிகிராம். குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால், 40 லிட்டருக்கு 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், பொடித்துக் கரையுங்கள். நாற்றுக்கு ஈ.சி. (கரைந்த உரத்தின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.8 முதல் 1.0 மில்லிசீமன்ஸ்/செ.மீ., பி.எச். (அமில-காரத் தன்மை) 5.5 முதல் 6.5 இருக்கட்டும்.

ஆர்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. பினாங்கின் குழாய்நீர் பெரும்பாலும் மூடா ஆற்று நீர், உப்புக் குறைந்த மென்னீர். வடிகட்டி நீக்குவதற்கு அதில் அதிகமில்லை. பி.எச்.சை நிலைநிறுத்தும் கொஞ்சநஞ்சக் காரத்தன்மையும் போய்விட்டால் பி.எச். தாறுமாறாக ஏறி இறங்கும். வடிகட்டி கழித்துவிடும் நீரும் வீண். அந்தப் பணத்தில் நல்ல பி.எச். மீட்டர் வாங்குங்கள்.

அடுத்த விதைப்பில் பழைய முறையில் ஒரு தட்டும், புதிய முறையில் ஒரு தட்டும் பக்கத்தில் வையுங்கள். பத்தாம் நாள் இரண்டின் வேரையும் படமெடுத்து அனுப்புங்கள். இரண்டிலும் பழுப்பு இருந்தால், காரணத்தை வேறிடத்தில் தேடுவோம்.