ஆகாயவிரிவு போதாத கஸ்டர்டு

அன்புள்ள சார்,

பாளையங்கோட்டையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். நீங்கள் ஒரு கட்டுரையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போன ‘தி கிரீன் பாஸ்சர்ஸ்’ (1936) படத்தைத் தேடிப் பார்த்தேன். கடவுள் முதல் நோவா வரை எல்லோரும் கறுப்பின நடிகர்கள். முதல் பாதியில் வாய்விட்டுச் சிரித்தேன், கடைசியில் அழுதேன். மறுநாள் அதைப் பற்றி வாசித்தால், கறுப்பர்களை இழிவுபடுத்தும் படம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் சிரித்தது தவறா? இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டாம். பரலோகத்தில் மீன் வறுவல் விருந்து, பெரியவர்கள் கையில் பத்து சென்ட் சுருட்டு. கஸ்டர்டை ருசி பார்த்த ஆண்டவர் ‘ஆகாயவிரிவு போதவில்லையே’ என்கிறார். தண்ணீரைப் பிரிக்கும் வானத்துக்கு வேதம் வைத்த பெயர் அது. இருப்பு தீர்ந்துவிட்டதாம். சரி என்று ஓர் அற்புதம் செய்கிறார். ஆகாயவிரிவு அளவுக்கு மீறிப் பெருகி எல்லோரையும் நனைத்துவிடுகிறது. அவ்வளவு தண்ணீரும் வடிய ஓர் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் பூமி! ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ‘ஆகாயவிரிவு’ என்று எத்தனை முறை வாசித்திருப்போம். அது கிண்ணத்தில் போடுகிற சாமான் என்று நமக்குத் தோன்றியதுண்டா?

உறுத்தல் அதற்கு முன்பே, தொடக்க எழுத்துகளிலேயே இருக்கிறது. தென்மாநிலக் கறுப்பர்கள் கடவுளையும் பரலோகத்தையும் தங்கள் அன்றாட வாழ்க்கையின் மனிதர்களாகவும் பொருள்களாகவும் கற்பனை செய்கிறார்கள் என்று ஒரு விளக்கம் வருகிறது. இந்த விளக்கம் யாருக்கு? அந்தக் கறுப்பர்களுக்குத் தேவையில்லை. படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதி, வில்லியம் கீலியுடன் சேர்ந்து படத்தை இயக்கிய மார்க் கானலி வெள்ளையர். மூலக்கதைகளை 1928-ல் எழுதிய ரோர்க் பிராட்ஃபோர்டும் வெள்ளையர். ‘பாவம், கள்ளங்கபடமில்லாத ஜனங்கள்’ என்று தலையைத் தடவிக்கொடுக்கும் குரல் படம் நெடுகக் கேட்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, இஸ்ரவேலரை அடிமைகளாக வைத்திருந்த எகிப்து ராஜா பார்வோன். அடிமைகளாக இருந்தவர்கள் தங்கள் பாடல்களில் எகிப்து என்று பாடியபோது தாங்கள் நின்ற பருத்திக்காட்டையும் நினைத்துத்தான் பாடினார்கள். பார்வோன் என்றால் யார் என்று அவர்களுக்குத் தெரியும். படத்திலோ எல்லோரும் கறுப்பர்கள் என்பதால் பார்வோனும் கறுப்பர். எஜமானன் கதையிலிருந்தே நழுவிப் போய்விட்டான்! ஹால் ஜான்சன் பாடகர் குழு பின்னணியில் பாடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல்களில் எஜமானனோடு தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது, திரையில் அது இல்லை.

திரைக்கு வெளியே எஜமானன் எங்கும் போய்விடவில்லை. 1930-ல் இது பிராட்வே நாடகமாக வந்தபோது ஆண்டவராக நடித்தவர் ரிச்சர்ட் பி. ஹாரிசன். அடிமைத்தனத்திலிருந்து கனடாவுக்குத் தப்பியோடிய பெற்றோரின் மகன், ஷேக்ஸ்பியரை மேடைகளில் ஒப்பித்துக்காட்டியவர், ஆசிரியர். அறுபத்தைந்து வயதில் இந்த வேடத்துக்கு வந்து, 1935-ல் இறக்கும்வரை அதைத்தான் நடித்துக்கொண்டிருந்தார். நாடகம் வாஷிங்டனுக்குப் போனபோது அந்த அரங்கில் கறுப்பின ரசிகர்களுக்கு அனுமதியில்லை. மேடையில் கடவுளாக நிற்கலாம், கீழே நாற்காலியில் உட்காரக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு உங்கள் அழுகையை நான் ஏன் நம்புகிறேன் என்றால், கடைசிப் பகுதிக்காக. ஜனங்கள்மேல் வெறுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆண்டவர், மலைநாட்டுப் போதகர் மாதிரி எருசலேமுக்கு இறங்கி வருகிறார். நகரம் விழப்போகிறது. ஹெஸ்ட்ரெல் என்ற வீரன் சண்டைக்கு நடுவே அவரிடம் பேசுகிறான். வேதத்தில் இல்லாத பாத்திரம் அவன். பழைய கோபக்காரக் கடவுள் தனக்கு வேண்டாம், ஓசியா தீர்க்கதரிசியின் இரக்கமுள்ள கடவுள் போதும் என்கிறான். அந்த இரக்கத்தை ஓசியா எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கிறார் ஆண்டவர். துன்பப்பட்டுத்தான் என்கிறான்.

கவனித்தீர்களா, இருவரும் ஒரே நடிகர். ரெக்ஸ் இங்கிரம். ஆதாமும் அவரே. தன் சாயலில் படைத்தார் என்ற வசனத்தை இவ்வளவு சிக்கனமாகப் படமாக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடவுளாக அந்த முகம் மெல்ல மாறுகிறது. கஸ்டர்டு தின்ற அதே முகம்தான். தலை தடவும் குரல் இந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது. எழுதியது வெள்ளையராக இருக்கலாம், ஆனால் அந்த நிமிஷங்கள் இங்கிரமுடையவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு பரலோகத்தில் அவர் நாற்காலியில் யோசனையோடு உட்கார்ந்திருக்க, யாரோ ஒருவன் பாரச் சிலுவையைச் சுமந்து மலையேறும் சத்தம் மட்டும் கீழிருந்து வருகிறது. சிலுவையைக் காட்டாமலே முடித்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். பத்து, பன்னிரண்டு வயதானவர்களாக இருக்கட்டும். பாபிலோனை இரவு விடுதியாகக் காட்டும் இடம் குட்டிகளுக்குப் புரியாது. தொடக்க எழுத்துகளை ஓட்டிவிடாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லி, இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். படமே ஒரு சண்டே ஸ்கூல் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது, உங்களுக்கு வேலை சுலபம்.

அப்புறம், 1940-ல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ கிடைத்தால் அதை முதலில் போடுங்கள். நம் மைசூர்ப் பையன் சாபுவை மிரட்டும் அந்த ராட்சத பூதம் இதே ரெக்ஸ் இங்கிரம்தான். அடுத்த வாரம் அவரையே ஆண்டவராகப் பார்க்கும்போது பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.