துருப்பிடித்த பழைய சைக்கிளில் காட்டர் பின் அசையவே இல்லை, கிராங்கை எப்படிக் கழற்றுவது?

நீங்கள் கேட்டது இது: தாத்தா ஓட்டிய கருப்பு சைக்கிளைப் புதுப்பிக்கிறீர்கள், மற்ற எல்லாம் கழன்றுவிட்டது, பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க் மட்டும் வரவில்லை, நட்டை எடுத்த பிறகும் அதைப் பிடித்திருக்கும் காட்டர் பின் இம்மியும் நகரவில்லை, சுத்தியலால் ஓங்கி அடிக்கலாமா? அடிக்கலாம். ஆனால் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். எங்கள் வீட்டு சைக்கிளில் அந்த ஒரு தவறால்தான் பாதி நாள் வேலை இரண்டு வாரமாக இழுத்தது.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம். அப்பா உப்பளத்துக்குப் போய்வந்த ஹெர்குலிஸ் அது. அந்த ஊர்க் காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் பொரிந்து போகும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், ஆனாலும் அப்பா சாயங்காலம் வந்ததும் துணியால் துடைத்து, செயினுக்கும் நட்டுகளுக்கும் எண்ணெய் விட்டுவிடுவார், அதனால் ஓடிய வரைக்கும் வண்டி நன்றாகவே இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் கொட்டகை சரிந்து அதன் மேல் விழுந்தது. அடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்ததோடு சரி, வீடு ஒழுகும்போது சைக்கிளை யார் பார்ப்பார்கள். மூன்று வருடம் கழித்து நான் கையில் எடுத்தபோது பெடல் சுற்றவே இல்லை.

இந்தப் பின் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காட்டர் பின் என்பது வெறும் ஆணி இல்லை, ஆப்பு. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், அந்தச் சரிவு ஆக்சிலில், அதாவது இரண்டு கிராங்கையும் இணைக்கும் தண்டில், வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் போய் இறுகும். நட்டு அதை விழாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கிராங்கை அசையாமல் வைத்திருப்பது அந்த ஆப்புதான், பல வருடம் மிதித்து மிதித்து அது இன்னும் இறுகியிருக்கும். அப்புறம் துரு. இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடிவிடும், அதனால் மயிரிழை இடைவெளி இருந்தாலும் துரு அதை அடைத்துக்கொள்ளும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். கம்பி பிரஷ்ஷால் பின்னைச் சுற்றி நன்றாகத் தேய்த்துவிட்டு, டபிள்யூ டி 40 போன்ற ஊடுருவும் எண்ணெயை இரண்டு முனையிலும் விடுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது கெட்டி, உள்ளே இறங்காது. காலையிலும் மாலையிலுமாக மூன்று நாள் விடுங்கள், ஒவ்வொரு முறையும் கிராங்கின் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், அந்த அதிர்வில்தான் எண்ணெய் இறங்கும். இந்த மூன்று நாளைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

முட்டுக்கு ஒரு ஜிஐ குழாய்த் துண்டு போதும். பின்னின் தடித்த தலை உள்ளே இறங்கும் அளவுக்குத் துளை வேண்டும், அரை அங்குலக் குழாய் சரியாக இருக்கும். தரையிலிருந்து கிராங்குக்கு இருக்கும் தூரத்தைவிட அரை அங்குலம் நீளமாக அறுத்து, பின்னின் தலை கீழே, நட்டுப் பக்கம் மேலே வரும்படி கிராங்கைத் திருப்பி, குழாயை நேராக அடியில் நிறுத்துங்கள். வண்டியின் கனம் முழுக்கக் குழாயில் உட்கார வேண்டும். குழாய் நிற்பது சிமெண்ட் தரையாக இருக்கட்டும், மண் தரை அடியை விழுங்கிவிடும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எங்களுக்கு அப்பா பிடித்தார்.

நட்டை முழுதாக எடுக்காமல், அதன் மேல்முகமும் மரையின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். மரை நசுங்காமல் காக்க இது. அப்புறம் கனமான சுத்தியல், ஒரு கிலோவாவது இருக்கட்டும். லொட்டு லொட்டென்று பத்துத் தடவை தட்டுவதுதான் பின்னைக் கெடுக்கிறது, அது அடி வாங்கும் மரை முனையை நசுக்கி அகலமாக்கிவிடும், அகலமானது துளைக்குள் நுழையாது. நேராக, தயங்காமல், ஒரே அடி. எங்களுக்கு வலது பக்கம் இரண்டாவது அடியில் சத்தம் மாறியது, டங் என்று கேட்டது டொக் என்று கேட்டது, அப்போதே தெரிந்துவிட்டது விட்டுக்கொடுத்துவிட்டது என்று. நகர்ந்ததும் நட்டை எடுத்துவிட்டு, பின்னைவிட ஒல்லியான பன்ச், அதாவது தட்டி வெளியேற்றும் இரும்புக் கம்பி, வைத்துத் தட்டினால் விழுந்துவிடும்.

இடது பக்கம்தான் சோகம். அதை நான் தொடுவதற்கு முன்பே ஒரு கடையில் கொடுத்திருந்தேன், அங்கே முட்டு எதுவும் இல்லாமல் அடித்துவிட்டார்கள். மரை வளைந்து காளான் மாதிரி விரிந்துவிட்டது. அதைவிட மோசம், அந்த அடியெல்லாம் ஆக்சில் வழியாக உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்குப் போய், அவை உருளும் கிண்ணமான கப்பில் குழி குழியாகத் தடம் பதிந்துவிட்டது. கடைசியில் ஆக்சில், இரண்டு கப், பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டுகள் எல்லாமே புதிது வாங்க வேண்டியதாயிற்று. கப்பைக் கழற்றும்போது கவனம், இந்த மாதிரி வண்டிகளில் செயின் பக்கத்துக் கப் மறுமரை, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

வளைந்துபோன பின்னை என்ன செய்வது? வளைந்த மரையை ஹேக்ஸாவால் கிராங்கோடு ஒட்ட அறுத்து, நடுவில் பன்ச்சால் புள்ளி வைத்து, முதலில் 4 மி.மீ., அப்புறம் 6 மி.மீ. டிரில் போடுங்கள். பின் பெரும்பாலும் 9.5 மி.மீ. தடிமன், உள்ளே குடைந்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும், திரும்ப முட்டுக் கொடுத்து அடித்தால் வரும். கை டிரில் ஒரு பக்கம் சாய்ந்தால் கிராங்கின் துளையே கெட்டுவிடும், அதனால் நான் லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். கேஸ் டார்ச்சில் கிராங்கின் கண்ணை, அதாவது ஆக்சில் நுழையும் முனையை, சூடாக்கினாலும் விரிந்து பின்னை விடும் என்பார்கள், உண்மைதான், ஆனால் மூன்று நாளாக எண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பு வைப்பது ஆபத்து, முலாமும் நிறம் மாறிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும், எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக விலை குறைவுதான். மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இருந்து போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது. லேசாக கிரீஸ் தடவி, முட்டுக் கொடுத்து அடித்து இறக்கிய பிறகுதான் நட்டு. நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப ஒரு அடி அடித்து நட்டை இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உங்கள் பின்னின் மரை இன்னும் நேராக இருக்கிறதா, ஏற்கெனவே நசுங்கிவிட்டதா? சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.